முப்பது டாலர் மாயம்

ஒரு நிமிஷம் நீங்கள் எல் சால்வடார்காரராக மாறிவிடுங்கள். மத்திய அமெரிக்காவில், பசிபிக் கரையோரம் இருக்கிற குட்டி தேசம். தலைநகரம் சான் சால்வடாரில் உங்களுக்கு ஒரு சின்ன புபூசா கடை. புபூசா என்றால், உள்ளே சீஸும் பீன்ஸும் வைத்துச் சுடுகிற சோள ரொட்டி. காலையில் கடனுக்கு மாவு வாங்கி, ராத்திரி அந்தக் கடனை அடைக்கிற பிழைப்பு.

2021, செப்டம்பர் 7. ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வருகிறது. வாடிக்கையாளர் பிட்காயின் நீட்டினால் நீங்கள் வாங்கியே ஆகணும்! தொழில்நுட்ப வசதி இல்லாதவர்களுக்கு மட்டும்தான் விலக்கு.

2001-லிருந்து அங்கே புழக்கத்தில் இருப்பது அமெரிக்க டாலர். கூடவே பிட்காயினும் இருக்கட்டும் என்றார் அதிபர் நயீப் புகேலே. உலகத்திலேயே எந்த நாடும் அதுவரை செய்யாத காரியம். அவர் சொன்ன காரணம் என்னவோ நியாயமானதுதான். வெளிநாட்டில் உழைப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம், அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பிட்காயினில் அனுப்பினால், வருஷத்துக்கு 40 கோடி டாலர் கமிஷன் மிச்சமாம்.

'சிவோ' என்று ஒரு செல்போன் செயலி வந்தது. உள்ளூர்ப் பேச்சில் 'சூப்பர்' என்று அர்த்தம். சேருகிறவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இனாம். விடுவார்களா? ஜனங்கள் முண்டியடித்தார்கள். முதல் நாளே செயலி படுத்துக்கொண்டது. பிட்காயின் விலையும் அன்றைக்கே சரிந்தது. தங்கள் அடையாள எண்ணைப் போட்டு வேறு யாரோ இனாமைச் சுருட்டிவிட்டதாகப் பலர் புலம்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2008-ல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் திட்டத்தின் அடிப்படையே, 'நடுவில் யாரையும் நம்ப வேண்டாம்' என்பதுதான். கணக்குப் புத்தகத்தின் நகல் உலகமெங்கும் பல கம்ப்யூட்டர்களில் இருக்கும். அதற்குப் பெயர்தான் பிளாக்செயின். எல் சால்வடாரிலோ, நடுவில் அரசாங்கத்தின் செயலியே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது!

அப்புறம்? பெரும்பாலானவர்கள் 30 டாலரைச் செலவழித்தார்கள். செயலியை மறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில், நூற்றுக்கு இரண்டு டாலர்கூட இந்த வழியாக வரவில்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரை எட்டிப்பிடித்த ஒரு பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே போச்சு.

'2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியதே?' என்று கேட்பீர்கள். வாஸ்தவம். வாங்கிப் பூட்டிவைத்தவருக்கு அது லாபம். ஆனால், விலை ஏறும் என்று பூட்டிவைக்கிற பொருளைக் கொடுத்து யார் புபூசா வாங்குவார்கள்?

அதே டிசம்பரில் சர்வதேச நிதியத்தோடு 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு ஆனது. 2025 ஜனவரியில், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இஷ்டமிருந்தால் பிட்காயின் வாங்கலாம், கட்டாயமில்லை.

சரி, இப்போது உங்கள் கடைக்கு வருவோம். ராத்திரி ஆகிவிட்டது. மாவுக்கடைக்காரர் வந்து நிற்கிறார். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ஆடுகிற காசை அவரிடம் நீட்டிப் பாருங்கள். கடன் தீர்ந்தது என்பாரா, டாலர் எங்கே என்பாரா?

நாலு வருஷத்தில் ஒரு நாடு கற்ற பாடம், அவருக்கு முதல் நாளே தெரியும்!