வலைஞர் வீட்டுப் பிழி

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பீர் செய்முறை இருக்கிறது. சும்மா சொல்லவில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு அது. அவனிடம் பரிசில் வாங்கப் போகும் பாணனுக்கு, வழியில் எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும். வலைஞர்கள், அதாவது மீன்பிடிப்பவர்கள் வாழும் இடம் வரும்போது, சுட்ட மீனோடு ஒரு பானம் கிடைக்கும் என்கிறார் புலவர். அதோடு நிற்காமல், அதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் ஏழு அடிகளில் சொல்லிவிடுகிறார்.

நச்சினார்க்கினியர் உரையை வைத்துக்கொண்டு இன்றைய பேச்சில் சொன்னால் இப்படி வரும். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அதை வாய் அகன்ற தட்டுப்பிழாவில் கொட்டி ஆறவிட வேண்டும். புற்றுக்குள் கிடக்கும் பழஞ்சோறு போலத் தோன்றும் முளையை இடித்து அதில் கலக்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு. சாடியில் அதன் பச்சைத்தன்மை போய் முற்றிய பிறகு வெந்நீரில் வேகவைத்து, வடிகட்டி, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். அதனால்தான் அதற்குப் பிழி என்று பெயர்.

முளைகட்டிய தானியத்தில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதைத்தான் மால்ட் என்கிறோம். மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரை புளித்தால் பீர். ஹாப்ஸ் பூ ஒன்றுதான் குறை. ஆனால் என்னை நிறுத்தியது அந்தத் தட்டுப்பிழா. யாரும் ஈஸ்ட் போட்டதாகப் பாட்டில் இல்லை. அகலமான பாத்திரத்தில் கூழ் திறந்து கிடக்கிறது. காற்றிலும் சாடியின் சுவரிலும் பிழிகிறவர் கையிலும் இருக்கிற உயிர்கள் மிச்ச வேலையைச் செய்கின்றன.

இதே வேலையை இன்றும் விடாமல் செய்கிற ஓர் ஊர் ப்ரஸ்ஸல்ஸ். அங்கேயும் அதைச் சுற்றியுள்ள பாயோட்டன்லாண்ட் கிராமங்களிலும் லாம்பிக் என்றொரு பீர் உண்டு. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தனியாகப் பிரித்தெடுத்து வளர்த்தார். அதன் பிறகு உலகத்தின் பெரும்பாலான பீர் அந்த வழிக்குப் போய்விட்டது. ஒரே ஈஸ்ட், ஒரே சுவை, எந்த ஊரிலும் ஒன்றே. லாம்பிக்காரர்கள் போகவில்லை. கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை ஆழமில்லாத, அகன்ற செம்புத் தொட்டியில் ஊற்றி ஓர் இரவு திறந்து வைப்பார்கள். சரியாக நம் தட்டுப்பிழா, அளவுதான் பெரிது. பிறகு மரப் பீப்பாயில் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும்.

1900இல் தொடங்கிய கான்டியோன் என்கிற குடும்பத் தயாரிப்பகம் அந்த லாம்பிக்கில் ஒயின் திராட்சையைப் போட்டு ஊறவைக்கிறது. மஸ்கட் திராட்சை போட்டது ஒன்று, மெர்லோ போட்டது இன்னொன்று. போன டிசம்பரில் ப்ரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் மெர்லோ பாட்டில் ஒன்றைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில் திறந்தோம்.

நிறம் நாவற்பழச் சாறு. நுரை வந்த வேகத்தில் அடங்கியது. மூக்கருகே கொண்டுபோனால் ரொம்ப நாள் பூட்டியிருந்த பரணைத் திறந்த வாசனை, அதற்கடியில் காடி, அதற்கும் அடியில் பழம். வாயில் வைத்ததும் நாக்கின் இரண்டு ஓரமும் கூசியது. இனிப்பு துளியும் இல்லை. திராட்சைக் கொட்டையைக் கடித்தால் வரும் துவர்ப்பு கடைசியில் பல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. முதல் மடக்கு பிடிக்கவில்லை என்று சொன்னால் நண்பன் வருத்தப்படுவான் என்று இரண்டாவது குடித்தேன். மூன்றாவது நானாகவே ஊற்றிக்கொண்டது.

துணி எடுக்க வந்த ஆயா டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். "இதுக்கா ஏரோப்ளேன்ல வந்தான்? நேத்து எறக்குன பனங்கள்ள வெயில்ல வெச்சா இப்டித்தான் இருக்கும் கண்ணு."

ஆயா சொன்னது நுண்ணுயிரியல்படியும் சரி. பனம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால், மரத்திலேயே புளிப்பு தொடங்கிவிடும். காட்டு ஈஸ்ட், லாக்டிக் பாக்டீரியா, சைமோமோனாஸ் என்கிற சாராயம் உண்டாக்கும் பாக்டீரியா என எல்லாம் சேர்ந்த கூட்டு வேலை அது. முந்தின நாள் கள்ளின் எச்சம் கலயத்தின் மண்துளைகளில் இருக்கும். ப்ரஸ்ஸல்ஸில் பீப்பாய் செய்வதை இங்கே கலயம் செய்கிறது. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் அந்த உயிர்களுக்கு வேலை இல்லை, அது பதநீர். அங்கே மூன்று வருடம் எடுப்பது இங்கே ஒன்றிரண்டு நாள். நம் வெயில் அப்படி. பெரும்பாணாற்றுப்படையின் இரண்டு பகல் இரண்டு இரவு என்கிற கணக்கும் அதே வெயிலின் கணக்குதான்.

திராட்சைக்கு வருவோம். அந்தக் காலத் தமிழ்நாட்டுக்குத் திராட்சை ஒயினும் வந்திறங்கியது. புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் குடிக்கட்டும் என்று வாழ்த்துகிறார். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் நிறையக் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகளும் அதில் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். ரோமானிய எழுத்தாளர் கேட்டோ அதற்கான செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். உப்புக் கரிக்கிற ஒயினைத்தான் நம் மன்னர்கள் பொற்கலத்தில் குடித்தார்களோ என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அரிசிப் பிழி வலைஞர் வீட்டில், திராட்சைத் தேறல் அரண்மனையில். எதைக் குடிக்கிறாய் என்பது யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அன்றே தரம் பிரிந்துவிட்டது. கப்பலில் வந்தது மேலே, கையால் பிழிந்தது கீழே. இருபதாம் நூற்றாண்டில் இந்தப் படிநிலைக்குச் சட்டமும் துணைக்கு வந்தது.

1886இன் சென்னை அப்காரிச் சட்டத்தில் வெள்ளைக்கார அரசு கள்ளுக்கு உரிமமும் மர வரியும் வைத்துச் சம்பாதித்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் முன்னால் நின்றார்கள். வீட்டில் அடி வாங்கிய பெண்களின் கோபம் அந்த இயக்கத்தில் இருந்தது, அதை யாரும் சிறிதாக்க முடியாது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். (இன்று சோப்பு வாங்கினாலும் நாம் கட்டுகிற வரிக்கு ஒரு பூர்வீகம் கள்ளுப்பானையில் இருக்கிறது.) 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் தளர்ந்து, 1974இல் மூடி, 1981இல் திறந்து, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் திரும்பவும் தடை. அந்தத் தடை இன்றுவரை நிற்கிறது.

ஆனால் 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நின்றது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்தன. அங்கே விற்பதற்கு அரசாங்கத் தாளில் ஒரு பெயர் உண்டு: இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மதுவகை. அயல்நாடு என்கிற சொல் ஒட்டினால் போதும், உள்ளூர் ஆலைச் சரக்கும் பொற்கலத்தில் ஏறிவிடுகிறது. ஒரு நாளைக்கு மேல் தாங்காத, லாரியில் ஏற்ற முடியாத, ஆலை வைத்துச் செய்ய முடியாத கள் மட்டும் குற்றம். கேரளத்திலும் புதுச்சேரியிலும் அது கடையில் கிடைக்கிறது. உடல்நலம்தான் காரணம் என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

எங்கள் தாத்தா செம்பாக்கம் பக்கம் ஏரிக்கரைப் பனைகளில் ஏறியவர். 87க்குப் பிறகு ஒரு கிடங்கில் வாட்ச்மேன். ஆயாவிடம், தடை போட்டது தப்புதானே என்று கேட்டேன். நான் எதிர்பார்த்த பதில் வரவில்லை. "கடைய மூடுனது நல்லதுதான். குடிச்சிட்டு வந்து அடிக்கிறவனுக்கு கள்ளு என்ன, பிராந்தி என்ன. ஆனா உங்க தாத்தா வாசனைய வெச்சே சொல்லுவாரு, இது எந்த மரத்துக் கள்ளுன்னு. வாட்ச்மேன் வேலைல அத யாரு கேட்டா?"

மரத்துக்கு மரம் வேறுபடும் சுவை. ஒயின்காரர்கள் அதை மண்ணின் குணம் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். கான்டியோனில் பழைய கூரையை மாற்றுவதற்குக்கூட யோசிப்பார்கள், அதில் குடியிருக்கும் ஈஸ்ட் போய்விடுமோ என்று. இங்கே கலயம் போனது, ஏறுகிறவர் போனார், மோந்து பார்த்து மரத்தைச் சொல்லும் மூக்கும் போனது. தப்பித்தது அடுப்படிப் புளிப்பு மட்டும்: இட்லி மாவு, பழைய சோறு. இரண்டிலும் யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. மாவு பொங்கவில்லை என்றால் இன்னமும் கைராசி என்கிறோம். அதில் பாதி அறிவியல்தான்.

2021இல் தமிழக அரசு 76 லட்சம் பனை விதைகளை விதைப்பதாக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னது. நல்ல காரியம். பனை பாளை விட எப்படியும் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். அந்தக் கன்றுகள் பாளை விடும் வருடத்தில் ஏறத் தெரிந்த ஒருவர் மிச்சமிருந்து, அவர் கட்டுகிற கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால், இன்றைய சட்டப்படி அவர் மேல் வழக்குப் போடலாம்.