மட்டாஞ்சேரியின் மெஹபூப்

கேரளத்தின் கொச்சியில், இடக்கொச்சியிலிருந்து வடக்கே பள்ளுருத்தியையும் தோப்பும்படியையும் கடந்து மட்டாஞ்சேரிக்குள் பிரவேசித்தால், மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் தக்கணி உருதுவும் கலந்து ஒலிக்கும் சந்துகளில், ஜாதி மத பேதமின்றி ஜனங்கள் ஒரே ஹார்மோனியத்தைச் சுற்றி அமர்ந்து விடிய விடியப் பாட்டுக் கேட்ட காலத்தை இன்றும் முதியவர்கள் ஆசையோடு நினைவுகூர்வார்கள். அக்காலத்தின் குரலாக விளங்கியவர் மெஹபூப். அமெரிக்காவின் மிஸிஸிப்பிக் கரையில் பருத்திக் காட்டுக் கூலிகளின் துயரம் கிடாரோடு சேர்ந்து ‘ப்ளூஸ்’ என்னும் கானமாயிற்று என்றால், கொச்சித் துறைமுகத்துக் கூலிகளின் நெஞ்சுக்கு இதம் அளித்தது இவருடைய சாரீரமே.

1926-இல் தக்கணி முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து, பாலியத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தாரின் பூட்ஸுகளுக்கு மெருகிட்டுப் பிழைத்த இவர், பங்கஜ் மல்லிக், சைகால் ஆகியோரின் பாடல்களைப் பாடிப் பாடியே சங்கீதத்தில் தேர்ந்தார்.

அவர் பாட்டைக் கேட்டவர்களின் வாழ்வு எத்தகையது? அந்நாளில் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளைக் கங்காணிகள் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார்கள். மண்ணில் புரண்டு, ஒருவரையொருவர் தள்ளி, அதைப் பொறுக்கி எடுத்தவனுக்கே அன்றைக்கு வேலை. அக்கொடுமையை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று, போலீஸார் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

‘ஜீவிதநௌகா’ (1951), ‘நீலக்குயில்’ (1954) முதலிய படங்களில் பாடி மெஹபூப் கேரளம் முழுவதும் கீர்த்தி பெற்றார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1961-இல் எடுத்த, மலையாளத்தின் முதல் வர்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’, ஹஜ் யாத்திரைக்காக ஒட்டுப்போட்ட கோட்டில் காசு சேர்க்கும் ஏழைச் செருப்புத் தொழிலாளியின் கதை. பாபுராஜின் இசையில் அந்தக் கோட்டைப் பற்றிய பாட்டைப் பாடியவர், பூட்ஸ் துடைத்து வளர்ந்த மெஹபூபே! ஆயினும், சென்னைப் பட்டணத்து ஸ்டூடியோக்களைக் காட்டிலும் கொச்சியின் கல்யாண வீடுகளே அவருடைய மெய்யான சபை என்பது என் துணிபு. அங்கே அவர் பாடுவதற்கென்றே மேப்பள்ளி பாலன் போன்றவர்கள் பாட்டுக் கட்டினார்கள். அந்த இரவுகளின் கானத்தில் பெரும்பகுதி எந்த இசைத்தட்டிலும் ஏறாமலே போயிற்று. இது மகத்தான நஷ்டம்.

1981-இல் மெஹபூப் காலமானார். அவருக்குத் தபலா வாசித்த இளைஞர் உம்பாயி பின்னாளில் மலையாள கஜலின் பிரசித்தமான பாடகரானார். மட்டாஞ்சேரிக்குச் செல்லும் தமிழன்பர்கள் யூதர் கோயிலையும் அரண்மனையையும் பார்த்ததோடு திரும்பிவிடாமல், மெஹபூப் பெயரால் அமைந்த இசைக்குழுவினரின் கச்சேரி ஒன்றையேனும் கேட்டு வருதல் வேண்டும்.