கவனக்குறைவு என்னும் சொல்

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் நமக்குச் சில சொற்களிடத்தில் அச்சம் உண்டு. ‘கவனக்குறைவு’ அவற்றுள் ஒன்று. ஊழியர் ஒருவர்மீது குற்றச்சாட்டு வரையும்போது பெரும்பாலும் அச்சொல்லே முன்வந்து நிற்கும். இன்று அதனையே ஒரு மருத்துவக் குறைபாட்டின் பெயருக்கும் சூட்டியிருக்கிறோம். மாட்டுங்காவில் நாம் அறிந்த அம்மையார் ஒருவர், பதினைந்து வயதுடைய தம் மகனுக்கு மருத்துவர் அப்பெயர் கூறியதும் நம்மிடம் வந்து, “ஏழு வருஷமாக ஸ்கூலில் சொல்லும் அதே வார்த்தைதானே ஸார் இது?” என்று கேட்டார். விடை கூறமாட்டாது நின்றோம்.

இப்பழி தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1902-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து மருத்துவர் கழகத்தில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவுகள் பேர்பெற்றவை. அறிவிற் குறையாதவர்களாயினும் தம்மை அடக்கி ஒன்றில் நிலைக்க இயலாத பிள்ளைகளை அவர் விவரித்தார். இதற்கு உடல் சார்ந்த காரணம் இருத்தல் கூடும் என்று அவர் கருதியது பெருஞ்சிறப்பு. எனினும் அவர் இட்ட பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பதே. காரணத்தை உடலிற் கண்டவரும் பெயரை ஒழுக்கத்தில் தேடினார்!

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், சோதனை ஒன்றினால் உண்டாகும் தலைவலியைத் தணிக்க எண்ணி, பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்தைச் சிறுவர் சிலருக்குக் கொடுத்தார் என்பர். முப்பது பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் பாடங்களில் வியத்தகு முன்னேற்றம் காட்டினர். 1944-இல் சுவிட்சர்லாந்தில் பனிட்சோன் என்பார் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை ஆக்கினார். அதன் வணிகப் பெயராகிய ரிட்டாலின், அவர்தம் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. இந்நாட்டிலும் அம்மருந்து மருத்துவர் சீட்டின்றிக் கிடைப்பதன்று.

நிற்க. விடலைப் பருவத்தினரை இவ்வரலாறு நெடுங்காலம் மறந்தே இருந்தது. 1968-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேடு இதனைக் குழந்தைகளின் மிகையியக்கம் என்றே குறித்து, வயது ஏற ஏறத் தணிந்துவிடும் என்றது. கைகால்களின் பரபரப்பு தணிவது மெய்தான். மனத்தின் பரபரப்போ பலரிடத்தில் தணிவதில்லை. 1980-ஆம் ஆண்டுப் பதிப்பே முதன்முதலாகக் கவனத்தைப் பெயரில் ஏற்றி, துடுக்கில்லாத பிள்ளைக்கும் இக்குறை இருத்தல் கூடும் என ஒப்புக்கொண்டது. கடைசிப் பலகையில் சத்தமின்றி அமர்ந்து சன்னலை நோக்கியிருக்கும் பிள்ளை, அதுவரை எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

மும்பைத் தமிழர் இல்லங்களில் இதனை அடையாளங் காணுதல் எளிதன்று. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை தடுமாறினால் பழியை மொழிகளின்மேல் ஏற்றிவிடலாம். தாராவியிலோ, ஒரே அறையில் அறுவர் வாழ, பக்கத்துப் பட்டறையின் தையல் இயந்திரம் இரவெல்லாம் ஓடும். அங்கே யாருக்குத்தான் கவனம் நிற்கும்? ஆகவேதான் மருத்துவர், பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறி தோன்றியதா, வீட்டில் மட்டுமன்றிப் பள்ளியிலும் அப்படித்தானா என்று துருவிக் கேட்கின்றனர். “அவன் அப்பாவும் இப்படித்தான்” என்று பாட்டிமார் சொல்லும் சொல்லையும் அவர்கள் தள்ளுவதில்லை. இக்குறையில் பரம்பரையின் பங்கு பெரிது.

இந்நகரத்தில் பலருக்கு இக்குறை தெரியவந்தது, தேர்வு மண்டபத்தின் வழியாகத்தான். 1996-இல் மகாராஷ்டிர அரசு, கற்றற்குறைபாடு உடைய மாணவர்க்குக் கூடுதல் நேரம், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறையாமை, எழுதித்தர ஓர் ஆள் முதலிய சலுகைகளை வழங்கியது. இந்திய மாநிலங்களுள் இதில் அதுவே முந்தியது. அதற்குரிய சான்று வழங்கிய இடங்களுள் சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையும் ஒன்று. தாராவியை அடுத்துள்ள அவ்விடம் மாட்டுங்காவுக்கும் தொலைவன்று; செம்பூரிலிருந்தும் எளிதில் வரலாம். எழுத்துத் தடுமாற்றத்திற்கெனச் சோதிக்கப்பட்ட பிள்ளைகளுள் பலரிடம் கவனக்கோளாறும் உடன் இருக்கக் கண்டனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருபத்தொரு குறைபாடுகளுள் கற்றற்குறைபாட்டைச் சேர்த்தது. கவனக்கோளாறு அப்பட்டியலில் தனியே பெயர் பெறவில்லை. கற்றற்குறைபாடும் உடையவனுக்கே அச்சட்டத்தின் கதவு திறக்கிறது என்பது நமக்குச் சற்றே வருத்தந்தான்.

மாட்டுங்காப் பிள்ளைக்கு இரண்டும் இருந்தன. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் பெற்று, எப்போதும் வெறுமையாக விடும் கடைசிப் பக்கத்தையும் எழுதிவிட்டு வந்தான். கும்பகோணத்துப் பாட்டனாருக்குக் கடிதம் எழுதவேண்டும், அதற்கொரு தமிழ்ப்பெயர் வேண்டும் என்று அம்மையார் மறுபடியும் வந்தார். இருபதாண்டு மொழிபெயர்ப்புத் தொழிலில் ஒரு சொல்லுக்காக நாம் அவ்வளவு நேரம் செலவிட்டதில்லை. ‘கவனம் நிலைகொள்ளாமை’ என்று எழுதிக் கொடுத்தோம். அவர் இருமுறை வாசித்துப் பார்த்து, “இது தேவலை ஸார், திட்டுகிற மாதிரி இல்லை” என்று கூறித் தாளை மடித்து எடுத்துக்கொண்டார்.