முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்...

எண்ணூரில் ‘காண்ட்ராக்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோரின் முகம் வாடும். 1948இல் தொடங்கிய மோட்டார் வாகன ஆலை முதல் 2001இல் செயல்பாட்டுக்கு வந்த காமராசர் துறைமுகம் வரை, இந்தக் கடற்கரைத் தொழிற்பட்டையில் வாழும் குடும்பங்கள் மனிதர்களை இரண்டாகப் பிரித்தே பார்க்கப் பழகியவை: ‘பெர்மனென்ட்’ ஆனவர், ‘காண்ட்ராக்ட்’டில் இருப்பவர். பெண் கேட்டுச் செல்லும்போதும் வங்கியில் கடன் கேட்கும்போதும் முதலில் எழும் கேள்வி அதுதான். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய் ஹாக்கி ஆடும் ஒரு பையனிடம், “உனக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது” என்று ஒருவர் தாளை நீட்டும்போது அவனுக்குப் பெருமை உண்டாகிறது. அவன் தகப்பனாருக்கோ அச்சம் உண்டாகிறது. இருவர் உணர்வும் நியாயமானவையே. உடற்கல்வித் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தத் தாள் என்ன, அதுவரை செல்லும் பாதை எப்படிப்பட்டது என்பதைத் தொகுத்துச் சொல்ல முற்படுகிறேன்.

பாதையின் படிகள்

வடசென்னையின் விளையாட்டுகள் என்றதும் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் ஆகியவையே நினைவுக்கு வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீசிய பவானி தேவி பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர். ஹாக்கியின் நிலை சற்று வேறு. இன்றைய ஹாக்கி மண் தரையில் ஆடப்படுவதில்லை. செயற்கைத் தரை வேண்டும். சென்னையில் அதற்கு முதன்மையான இடம் எழும்பூரிலுள்ள மேயர் ராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கம். எண்ணூர் மாணவர் புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து எழும்பூர் சென்று, பயிற்சி முடித்துக் கல்லூரிக்கு ஓட வேண்டும். திறமை இருந்தும் பலர் இந்தப் பயணத்திலேயே களைத்து நின்றுவிடுகிறார்கள்.

நிற்காமல் தொடர்பவருக்கு முன்னால் சில படிகள் உள்ளன. பள்ளிப் பருவத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை, பல்கலைக்கழக அணி, மண்டல, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள், 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். இன்னொரு பக்கம், சென்னை லீக் ஆட்டங்களும், 1901ஆம் ஆண்டு முதல் வரலாறு கொண்ட எம்.சி.சி. – முருகப்பா தங்கக் கோப்பைப் போட்டியும் உள்ளன. வங்கி, ரயில்வே, ராணுவ அணிகளின் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களை எடைபோடுவது இத்தகைய போட்டிகளில்தான். மாநில அணிக்குத் தேர்வாகி, தேசிய ஜூனியர் போட்டியில் கண்ணில் படுபவருக்கே அடுத்த கதவு திறக்கிறது.

இந்தப் பாதைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற அவரும், அவ்வூர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக அறிமுகமானார்கள். பாகிஸ்தானுடன் 1-1 எனச் சமனில் முடிந்த முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். ஆனால், இந்திய ஹாக்கி லீக்கில் அவர் தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்காக ஆடியது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். காரணம் எளியது: இடைப்பட்ட காலத்தில் நாட்டில் தொழில்முறை லீக் என்று ஒன்றே இல்லை. நாட்டுக்கு ஆடிவிட்ட ஒருவருக்கே இந்த நிலை என்றால், கல்லூரி அணியில் ஆடும் மாணவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏலம் என்னும் கதவு

2024 அக்டோபரில் தில்லியில் மூன்று நாள் நடந்த ஏலத்துடன் இந்திய ஹாக்கி லீக் மீண்டும் உயிர்பெற்றது. ஆடவர் பிரிவில் 8 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் செலவு வரம்பு. ஆட்டக்காரர்கள் தங்கள் அடிப்படை விலையாக 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் ஆகிய மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம். இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சம் ரூபாய்க்குச் சூர்மா அணி எடுத்தது. செய்தித்தாள்களில் இடம்பெற்றது இந்த எண்தான்.

கல்லூரி மாணவர் பார்க்க வேண்டிய எண் வேறு. ஓர் அணியில் 24 பேர். அவர்களில் இந்தியர்கள் குறைந்தது 16 பேர். அந்த இந்தியர்களில் 4 பேராவது ஜூனியர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. 8 அணிகளுக்கும் சேர்த்தால் ஜூனியர்களுக்கு உறுதியான இடங்கள் 32. பஞ்சாப், ஹரியாணா, ஒடிசா, ஜார்க்கண்ட், மணிப்பூர் என நாடெங்கிலுமிருந்து வரும் இளைஞர்கள் போட்டியிடுவது இந்த 32 இடங்களுக்குத்தான். அவ்வாறு இடம் பெறுபவர் அடிப்படை விலையான 2 லட்சத்துக்கு எடுக்கப்பட்டால், தொழில்முறைக் கட்டணத்துக்கு உரிய 10% வருமான வரிப் பிடித்தம் போகக் கைக்கு வருவது 1.80 லட்சம். ஓராண்டுக்கு அதைப் பகிர்ந்தால் மாதம் 15 ஆயிரம் ரூபாய். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரர் கைச்செலவுக்கு மாதம் 10 ஆயிரம் பெறுகிறார் என்பதோடு ஒப்பிட்டால், ‘தொழில்முறை’ என்ற சொல்லின் எடை புரியும்.

தொகை சிறிதென்பதால் இதை வேண்டாமென்று தள்ளச் சொல்லவில்லை. உலகத் தரமான ஆட்டக்காரர்களுடன் ஒரே உடைமாற்றும் அறையில் இருப்பது எந்தப் பயிற்சி முகாமும் தர முடியாத கல்வி. ஆனால், இதை வாழ்க்கைக்கான ஊதியம் என்று குடும்பம் எண்ணிவிடக் கூடாது.

லீக்குகளின் ஆயுள்

வரலாற்றையும் மறக்கக் கூடாது. 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக் 2008இல் முடிந்தது. அதில் சென்னை வீரன்ஸ் என்றோர் அணி இருந்தது. 2012இல் நடந்த உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் ஆடியது. அத்தொடர் ஒரே பருவத்துடன் முடிந்தது. அதற்குச் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் அங்கீகாரமும் இருக்கவில்லை. 2013இல் தொடங்கிய இந்திய ஹாக்கி லீக் 2017க்குப் பின் ஏழு ஆண்டுகள் உறங்கியது. இருபதே ஆண்டுகளில் மூன்று தொடர்கள் நின்றுபோனதைப் பார்த்த பின், பல ஆண்டு ஒப்பந்தம் என்று சொல்லப்படும் எதையும் “லீக் நடக்கும்வரை” என்ற கூடுதல் சொல்லுடன்தான் படிக்க வேண்டும்.

ஆகவேதான் நம் ஊர் ஆட்டக்காரர்கள் ‘முதல் ஒப்பந்தம்’ என்று மனத்தில் வைத்திருப்பது ஏலத்தை அல்ல, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை. ரயில்வேயின் இத்தகைய ஆள்சேர்ப்பில் நூறு மதிப்பெண்களில் களத் தேர்வுக்கு 40, சாதனைச் சான்றுகளுக்கு 50, கல்வித் தகுதிக்கு 10 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு உண்டு. ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லின் மதிப்பறிந்த எண்ணூர்த் தகப்பனார் இதையே விரும்புவதில் வியப்பில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுவேன்: வேலையில் சேர்ந்த பின் லீக்கில் ஆட வேண்டுமானால் துறையின் தடையின்மைச் சான்று தேவைப்படும். ஆகவே இரண்டு வாய்ப்புகளும் சேர்ந்து வரும்போது, எதற்கு முதலில் கையெழுத்திடுவது என்பதை யோசித்தே தீர்மானிக்க வேண்டும்.

தாளில் பார்க்க வேண்டியவை

அணிகளின் ஒப்பந்தங்களைவிட, ஆட்டக்காரரைத் தேடி முன்னதாகவே வந்துசேரும் மேலாண்மை முகவர்களின் தாள்கள்தான் என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன. கத்திவாக்கம் மாணவர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய தாளில் ஆங்கிலத்தில் பதினோரு பக்கங்கள். வருமானத்தில் முகவரின் பங்கு எவ்வளவு என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. ஒப்பந்தம் எப்போது முடியும் என்பது எங்குமே இல்லை. மறுநாளே கையெழுத்து வேண்டும் என்றார்களாம். அவசரப்படுத்தப்படும் கையெழுத்து எதுவாயினும் ஐயத்துக்குரியது.

சட்டம் இளைஞருக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் உறுதிசெய்தது. அப்படியானால் அப்பா கையெழுத்திட்டால் போதுமா? போதாது. சிறுமி ஒருவருக்காக அவர் தந்தை திரைப்படத் தயாரிப்பாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1949இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் இழப்பு அச்சிறுமிக்கே. ஒப்புக்கொண்ட ஊதியத்தை அவரால் கேட்டுப் பெற முடியவில்லை. 18 வயதுக்கு முன் இடப்படும் கையெழுத்து பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. காப்பாற்றவும் செய்யாது என்பதும் உண்மை.

அடுத்தது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் கட்டுகள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுடன் 2000ஆம் ஆண்டு ஒரு நிறுவனம் மூன்றாண்டு விளம்பர ஒப்பந்தம் செய்தது. காலம் முடிந்த பின்பும், வேறு யாரிடமாவது போவதாயின் முதலில் தங்களிடம்தான் கேட்க வேண்டும் என்ற விதி அதில் இருந்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது தொழிலுக்குத் தடை, எனவே செல்லாது என்பதே 2006இல் உச்ச நீதிமன்றம் கொண்ட நிலைப்பாடு. ஜாகீர் கானால் உச்ச நீதிமன்றம் வரை செல்ல முடிந்தது. திருவொற்றியூர் மாணவரால் முடியுமா? ஆகவே அத்தகைய விதியைக் கையெழுத்துக்கு முன்பே நீக்கச் சொல்வதே வழி.

இவற்றோடு ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். பணம் எத்தனை தவணையில், எந்தத் தேதியில் வரும்? காயம்பட்டால் மருத்துவச் செலவும் மீதித் தொகையும் யார் பொறுப்பு? களத்தில் இறக்கப்படாவிட்டாலும் முழுத் தொகை உண்டா? தேர்வுக் காலத்தில் கல்லூரிக்குச் செல்ல அனுமதி உண்டா? தகராறு வந்தால் எந்த ஊரில் தீர்க்கப்படும்? வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், சிறார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுள்ளவர்கள்.

யார் எழுதும் ஒப்பந்தம்?

வட அமெரிக்காவில் பனி ஹாக்கி ஆடும் கல்லூரி மாணவரின் நிலையை ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். அங்குள்ள தேசிய ஹாக்கி லீக்கில் புதியவர் இடும் முதல் ஒப்பந்தத்தின் காலம் பேரத்துக்கு உரியதன்று. வயதை வைத்து விதியே தீர்மானிக்கிறது. 18 முதல் 21 வயது வரை மூன்றாண்டு. 22, 23 வயதில் இரண்டாண்டு. 24 வயதில் ஓராண்டு. படிவமும் எல்லோருக்கும் ஒன்றே. 1967இல் உருவான ஆட்டக்காரர் சங்கம் அணி உரிமையாளர்களுடன் கூட்டாகப் பேசிப் பெற்றது இது. அங்கே இருபது வயது இளைஞர் தனியாக உட்கார்ந்து பேரம் பேசவில்லை. அவருக்கு முன்பு ஆடியவர்கள் அவருக்காக ஏற்கெனவே பேசிவிட்டார்கள்.

எண்ணூரின் ஆலை வாயில்களில் தொழிற்சங்கம் கண்ட மக்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டுக்கென ஒரு தீர்ப்பாயத்தை அமைக்க வழிசெய்திருக்கிறது. கூட்டமைப்புகளின் நிர்வாகத்தில் வீரர்களுக்கு இடமும் தருகிறது. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, இளம் ஆட்டக்காரர்களுக்கான பொது ஒப்பந்தப் படிவம் ஒன்றை ஹாக்கி இந்தியா வெளியிட வேண்டும். காயக் காப்பீடும் தேர்வுக்கால விடுப்பும் அதில் கட்டாயமாக்கப்பட வேண்டும். வீரரின் தாய்மொழியிலும் படி தரப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள் லீக் நாட்களை வருகைப்பதிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கோரிக்கைக்கும் பெரும் பணம் தேவையில்லை.

அதுவரை பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். படிப்பையும் நிறுத்த விடாதீர்கள். தாள் வந்தால் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். ஒரு வாரம் காத்திருக்க மறுப்பவர், பின்னர் பணம் தர வேண்டிய நாளில் உங்களைத்தான் காத்திருக்கச் சொல்வார்.