ஆக்ஸ்பர்க்கில் ஒரு வருட வாடகை 88 செண்ட்

ஜெர்மனி போகிறவர்கள் மியூனிக்கோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஆக்ஸ்பர்க். கி.மு. 15-ல் ரோமானியர்கள் அமைத்த ஊர். நகர மண்டபத்தின் தங்கக் கூடம், பேராலயம் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் பி.காம். படிக்கிற என்னைக் கேட்டால், முதலில் ஃபுக்கெராய் போங்கள் என்பேன்.

யாக்கோப் ஃபுக்கர் என்ற வங்கி முதலாளி 1521-ல் ஏழைகளுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு அது. வாடகை அன்றைக்கு ஒரு ரைன் கில்டர். இன்றைக்கும் அதே கணக்குதான், 88 செண்ட். மாதத்துக்கு இல்லைங்க, வருடத்துக்கு! (மின்சாரம் போன்ற செலவுகள் தனி.) வசதியில்லாத உள்ளூர்க் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், ஃபுக்கர் குடும்பத்துக்காகத் தினமும் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். இரவு பத்துக்கு மேல் வந்தால் வாயிற்காவலரிடம் சில்லறை கொடுத்துத்தான் உள்ளே போகலாம். மொஸார்ட்டின் கொள்ளுத்தாத்தா, ஒரு கொத்தனார், இங்கே குடியிருந்தவர்.

சரி, இவ்வளவு பணம் ஏது? செம்பு, வெள்ளிச் சுரங்கங்கள், பிறகு அரசர்களுக்குக் கடன். 1519-ல் ஐந்தாம் சார்லஸைப் பேரரசராக்கச் செலவான சுமார் 8.5 லட்சம் கில்டரில் 5.4 லட்சம் ஃபுக்கர் கொடுத்தது. பெரும்பகுதி லஞ்சம்தான். மைன்ஸ் பேராயர் இவரிடம் வாங்கிய கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. 1517-ல் லூதர் கொதித்தெழுந்தது அதைப் பார்த்துத்தான்.

எனக்கு ஃபுக்கர் மேல் பெரிய மரியாதை வரவில்லை. ஆனால் அவர் பேரேட்டில் புனித உல்ரிக் பெயரிலேயே தர்மத்துக்கு ஒரு கணக்கு இருந்தது என்று படித்தபோது சிரித்துவிட்டேன். சாமிக்கும் லெட்ஜர்!

1944 குண்டுவீச்சில் நொறுங்கிய வீடுகளைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டை மட்டும் பழைய மாதிரியே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நாம் கொடுக்கிற நுழைவுக் கட்டணம் அங்கே குடியிருப்பவருக்குப் பல வருட வாடகை.