பந்தயப் பணமும் பயிற்சியாளரும்

தனிப்பயிற்சியாளர் தொழில் சூதாட்டத்தில் பிறந்தது. உடல்நலம் என்ற பேச்செல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துச் சீமான்கள் குதிரைமேல் கட்டியதுபோலவே நெடுநடைக்காரர்கள்மேலும் குத்துச்சண்டைக்காரர்கள்மேலும் பணம் கட்டினார்கள். கட்டிய பணம் திரும்ப வேண்டுமென்றால் ஆளைத் தேற்ற ஒருவர் தேவைப்பட்டார்.

ஸ்காட்லாந்து நிலக்கிழார் கேப்டன் ராபர்ட் பார்க்லே நடப்பவர், தேற்றுபவர் என்று இரண்டு வேடமும் போட்டவர். 1809 ஜூன், ஜூலை மாதங்களில் நியூமார்க்கெட்டில், மணிக்கு ஒரு மைல் வீதம் 1,000 மணி நேரம் விடாமல் நடந்து 1,000 கினி பந்தயத்தை வென்றார். ஒரு மணியின் கடைசியில் ஒரு மைல், அடுத்த மணியின் தொடக்கத்தில் இன்னொன்று என்று சேர்த்து நடந்ததால் இடையில் கொஞ்சம் கண்ணயர முடிந்தது.

1811-ல் குத்துச்சண்டை வீரர் டாம் கிரிப்பை அவர் ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனார். அமெரிக்காவில் அடிமையாக இருந்து வந்த டாம் மோலினோவுடன் மறுமோதல் காத்திருந்தது. கிரிப்போ தொப்பையும் தொந்தியுமாக, ஏறத்தாழ 100 கிலோ இருந்தார். பார்க்லேயின் முறை முதலில் பேதிக்குக் கொடுப்பது. பிறகு கம்பளி உடையோடு நான்கு மைல் ஓட்டம். ஓடி வந்ததும் சீமைச் சோம்பு, கொத்தமல்லி விதை, அதிமதுரம், கற்கண்டு போட்டு, ஆப்பிள் மதுவில் பாதியாகச் சுண்டக் காய்ச்சிய கஷாயம். அதைக் குடித்துவிட்டு, வேர்த்துக் கொட்டும்வரை கம்பளிகளுக்கு அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். சாப்பாடு அரைவேக்காட்டு மாட்டிறைச்சியும் பழைய ரொட்டியும், காய்கறி கூடாது. இன்றைய சத்துணவு நிபுணர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கிரிப் 85 கிலோ அளவுக்கு இறங்கினார். செப்டம்பர் 28-ல் திசில்டன் கேப்பில் 11 சுற்றுகளில், சுமார் 20 நிமிடத்தில், சண்டை முடிந்தது. மோலினோவின் தாடை உடைந்திருந்தது. அவரைத் தேற்ற இப்படி யாரும் செலவழிக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த வெற்றியை எடைபோட வேண்டும்.

அமெரிக்க மல்யுத்த வீரர் வில்லியம் மல்டூன் இத்தொழிலை அடுத்த படிக்குக் கொண்டுபோனார். குடியில் மூழ்கியிருந்த ஜான் எல். சல்லிவனை நியூயார்க் மாநிலத்து பெல்ஃபாஸ்டில் தன் கண்காணிப்பில் வைத்து மீட்டார். 1889 ஜூலையில் சல்லிவன் 75 சுற்றுகள் தாக்குப்பிடித்து ஜேக் கில்ரெயினை வென்றார். பிறகு மல்டூன் நடத்திய உடற்பயிற்சி இல்லத்துக்குக் களைத்துப்போன முதலாளிகளும் அரசியல்வாதிகளும் வந்தார்கள், திட்டு வாங்கினார்கள், அதற்குப் பணமும் கொடுத்தார்கள். அங்கே தங்கிய எழுத்தாளர் தியோடர் டிரைசர் அந்தக் கெடுபிடியைப் பின்னாளில் எழுதினார்.

அதே காலத்தில் லண்டனில் யூஜீன் சாண்டோ உடற்பயிற்சியை நாகரிகமாக்கியிருந்தார். தமிழ்ப் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் நிற்பது அவர் பெயர்தான். அந்த லண்டனிலிருந்துதான் அமெரிக்காவின் டேட்டனில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத் தலைவர் ஜான் பேட்டர்சன் சார்லஸ் பாமர் என்ற பயிற்சியாளரைக் கூட்டி வந்தார். அதிகாரிகள் விடியற்காலையில் குதிரையேற வேண்டும், என்ன சாப்பிடலாம் என்பதையும் பாமரே சொல்வார் என்று ஆயிற்று. நாளடைவில் கம்பெனி விவகாரங்களிலும் அவர் வாக்கு செல்லுபடியானது. எதிர்த்துப் பேசிய மூத்த நிர்வாகி ஹியூ சாமர்ஸ் 1907-ல் வேலையிழந்து, மோட்டார் கார் தயாரிக்கப் போனார்.

விளையாட்டு உலகமோ சம்பளம் வாங்கும் பயிற்சியாளரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. சாம் முசாபினி 1890-களில் டன்லப் டயர் நிறுவனத்தின் சைக்கிள் வீரர்களுக்குப் பயிற்சியளித்தவர். அதன்பின் ஓட்டக்காரர்கள் பக்கம் வந்தார். ஹெரால்டு ஆபிரகாம்ஸின் ஒவ்வோர் எட்டின் நீளத்தையும் கைவீச்சையும் திருத்தியவர் அவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆபிரகாம்ஸ் 100 மீட்டர் தங்கம் வென்றபோது, பணத்துக்குப் பயிற்சியளிப்பவர் என்பதால் பிரிட்டிஷ் அணியில் முசாபினிக்கு இடமில்லை.