காற்றால் ஓடும் கப்பல்கள்

காற்றின் விசையால் கப்பலை முழுதாகவோ பகுதியாகவோ செலுத்தும் முறை தமிழ்க் கடற்கரையில் ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. கரிகாலனின் முன்னோர் காற்றை ஆண்டு கலம் செலுத்தினர் என்று புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் போற்றுகிறார். அழகன்குளம் அகழாய்வில் பாய்மரக் கப்பல் கீறிய பானை ஓடு கிடைத்தது. ஈழத்து வடகரையில் வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என நாற்றிசைக் காற்றுக்கும் பெயருண்டு. எந்தக் காற்றில் புறப்படுவது, எதில் திரும்புவது என்பதே அந்நாளைய வணிகத்தின் நாட்காட்டி.

காற்றை ஆளும் அந்தத் திறனுக்கு வலுவான சான்று ‘அன்னபூரணி’. அதே வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 89 அடி நீள, இரு பாய்மரக் கலம் இது. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இதை வாங்கினார். 1937இல் வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் புறப்பட்டு, சூயஸ் கால்வாய், மத்திய தரைக்கடல், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோசெஸ்டரை அடைந்தனர். பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய பயணம் அது.

தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குப் பாய் விரித்தே சரக்கு ஏற்றிச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றில் டீசல் இயந்திரம் ஏறியது. பாய் துணைக்கருவியாகி, பின்னர் மறைந்தது. தோணிகளின் பாய் சுருங்கிவந்த காலத்தில், 1986இல், அதே தூத்துக்குடியை ஒட்டிய முள்ளக்காட்டில் தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. கடலில் கைவிட்ட காற்றைக் கரையில் மின்சாரமாக்கத் தொடங்கினோம்.

உலகின் பிற பகுதிகளில் பாய் வேறு வடிவெடுத்தது. ஜெர்மானியப் பொறியாளர் ஆண்டன் ஃபிளெட்னர் 1924இல் ‘புக்காவ்’ கப்பலில் இரு சுழல் தூண்களை நிறுத்தினார். தூண் சுழலும்போது ஒரு பக்கம் காற்றோட்டம் விரைகிறது, மறுபக்கம் தளர்கிறது. அந்த அழுத்த வேறுபாடு கப்பலைத் தள்ளுகிறது. பக்கவாட்டுக் காற்றே இதற்கு உகந்தது. எண்ணெய் மலிவாக இருந்ததால் இந்த உத்தி அன்று பரவவில்லை. எண்ணெய் நெருக்கடிக்குப்பின் ஜப்பான் 1980இல் ‘ஷின் ஐதோகு மாரு’ என்ற எண்ணெய்க் கப்பலுக்குப் பாய் கட்டியது. விலை இறங்கியதும் அம்முயற்சியும் தளர்ந்தது.

இப்போது பாய் மீண்டும் கப்பலேறுகிறது; இம்முறை அதை உந்துவது விலை மட்டுமன்று. உலகின் கரிம உமிழ்வில் கப்பல் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. 2050ஐ ஒட்டி அதை நிகர சுழியமாக்கப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வகுத்தது. அதே ஆண்டு ‘பிக்ஸிஸ் ஓஷன்’ சரக்குக் கப்பலில் 37.5 மீட்டர் உயரமுள்ள இரு விறைப்பான பாய்கள் பொருத்தப்பட்டன. ஆறு மாதச் சோதனையில் நாளொன்றுக்குச் சராசரியாக 3 டன் எரிபொருள் மிச்சமானது. இயந்திரத்தை இவை அகற்றுவதில்லை, அதன் சுமையைக் குறைக்கின்றன.

கொள்கலன்கள் அடுக்கிய கப்பலில் மேல்தளத்தில் இடமில்லை. தளம் திறந்திருக்கும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்குமே இவை எளிதில் பொருந்தும். துறைமுகப் பாரந்தூக்கிகளில் இடிக்காதபடி பாய்கள் மடங்கவும் வேண்டும். எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அனல்மின் நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் மொத்தச் சரக்கு வகையைச் சேர்ந்தவை. இக்கரையில் சோதனை நடத்துவதானால், தொடங்க வேண்டியது அவற்றில்தான்.